சோளம் ஏன் குறைந்தது? செடியையும் பொத்தியையும் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

எனக்கு வேலை கொழும்பு புறக்கோட்டையில், பழைய சோனகத் தெருவில் ஒரு தானியக் கடையில் கணக்கு எழுதுவது. மாசி பிறந்தால் வன்னியிலிருந்தும் அநுராதபுரத்திலிருந்தும் சோள (மக்காச்சோள) மூட்டைகள் வந்து இறங்கும். அக்காவைக் கட்டிய அத்தான் செட்டிகுளத்தில் இரண்டு ஏக்கர் மேட்டுநிலத்தில் காலபோகத்தில், அதாவது ஐப்பசி மழையோடு தொடங்கும் போகத்தில், சோளம் போடுகிறவர். ஆகவே வருடத்துக்கு இரண்டு தரம் இந்தப் பயிர் என்னைத் தேடி வரும்: மார்கழியில் வட்ஸ்அப் படமாக, மாசியில் மூட்டையாக.

படத்தோடு வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "தம்பி, இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?"

இரண்டு வருடத்துக்கு முன்னர் அவருக்கு ஏக்கருக்கு 800 கிலோ சொச்சம்தான் கிடைத்தது. அந்தப் போகத்தில் மட்டும் மூன்று தரம் மருந்து அடித்திருந்தார். மருந்துக் கடையில் இலையைக் காட்டியிருக்கிறார். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போத்தலை எடுத்துக் கொடுத்துவிட்டார். எத்தனை செடி நிற்கிறது, யூரியா எப்போது போட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, அவருக்கு விற்பது வேலை. நாம் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அத்தானுக்காக எழுதி வைத்த குறிப்புத்தான் இது. அடையாளத்தில் தொடங்கிக் காரணத்துக்குப் போகிறது.

முதலில் அளவுநாடா

எந்த இலையையும் கிள்ளிப் பார்ப்பதற்கு முன்னர் இதைச் செய்யுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டு அடி இடைவெளி என்றால், ஒரு வரிசையில் 22 அடி நீளத்தை அளந்து அதற்குள் நிற்கும் செடிகளை எண்ணுங்கள். அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை செடி என்று கிட்டத்தட்டச் சரியாக வரும். இரண்டு அடி அகலத்தில் 22 அடி நீளம் என்பது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். வீதியோரம் செழிப்பாக நிற்கிற இடத்தில் மட்டும் எண்ணி மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

60 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர், அதாவது இரண்டடிக்கு ஓரடி, குழிக்கு ஒரு செடி என்று நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 22,000 செடி நிற்க வேண்டும். அத்தானின் வயலில் வந்த எண்கள் 13, 15, 9, 17, 11. சராசரி 13. அதாவது 13,000 செடி. பத்துக்கு நாலு செடி அங்கே இல்லவே இல்லை. இல்லாத செடிக்கு எந்த மருந்து அடிப்பது?

அடுத்தது பொத்தி. 22 அடிக்குள் மணி பிடித்த பொத்தி எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு நாலைந்து பொத்தியை உரித்து, சுற்றிவர எத்தனை மணிவரிசை, ஒரு வரிசையில் எத்தனை மணி என்று பாருங்கள். மணிவரிசை எப்போதும் இரட்டைப்படையாகத்தான் வரும்: 12, 14, 16. (இதை நம்பாமல் எங்கள் கடைப் பையன் காலி முகத்திடலில் அவித்த சோளம் வாங்கி எண்ணிப் பார்த்தான். 14.) ஆயிரம் மணியின் எடையை 280 கிராம் என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

அத்தானுக்கு ஏக்கரில் 11,000 பொத்தி, பொத்திக்கு 12 வரிசை, வரிசைக்கு 22 மணி. பொத்திக்கு 264 மணி, 74 கிராம். ஏக்கருக்கு 814 கிலோ. தராசு சொன்னதும் அதையேதான். அதே பொத்தி 20,000 இருந்திருந்தால் 1,480 கிலோ. பொத்திகள் 11,000 ஆகவே இருந்து, ஒவ்வொன்றும் 14 வரிசையும் 30 மணியுமாக நிறைந்திருந்தால் 1,300 கிலோவை ஒட்டி வரும். இரண்டும் சேர்ந்தால் 2,300 கிலோவைத் தாண்டும். செடி நெருங்கினால் பசளைக்கும் தண்ணீருக்கும் போட்டி கூடும், அதனால் கணக்கு இவ்வளவு நேராக நடக்காது என்பது உண்மைதான். ஆனாலும் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை இது காட்டிவிடும். செடி குறைவென்றால் அடுத்த பகுதி. செடி போதும், பொத்திதான் வெறுமை என்றால் அதைத் தாண்டிப் படியுங்கள்.

அடையாளம்: வரிசையில் இடைவெளி

விழுந்த இடத்தைத் தோண்டிப் பாருங்கள். விதை அங்கேயே இருக்கிறதா, காணாமல் போய்விட்டதா?

விதை இல்லையென்றால் மயில், காட்டுப்பன்றி, அணில். மயில் கொத்திய இடத்தில் மண் சிறிதாகக் கிளறியிருக்கும். பன்றி வரிசையோடு வரிசையாக உழுதுகொண்டு போயிருக்கும்.

விதை அழுகிக் கிடந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. சோளம் நெல் அல்ல. ஆறு இலை வரும்வரை செடியின் வளரும் முனை மண்ணுக்குள்ளேயே இருக்கும். அந்தப் பருவத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் இலை பச்சையாகத் தெரிந்தாலும் செடி முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டுகிற நிலத்தில் வரம்பு வெட்டி வடிகால் விடாமல் பள்ளத்தில் சோளம் போடுவது வீண்வேலை. பள்ளத்துக்கு நெல்லே நல்லது.

விதை முளைத்து, முளை மண்ணுக்குள்ளேயே மடங்கிக் கிடந்தால் மேல்மண் இறுகியிருக்கிறது. வன்னிச் செம்மண் ஒரு பெருமழைக்குப் பிறகு நாலு நாள் வெயில் காய்ந்தால் ஓடு கட்டிக்கொள்ளும். முளைவிட வேண்டிய நாட்களில் மேலோட்டமாகக் கிளறிவிட்டால் தப்பும். விதையை ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குல ஆழத்துக்குள் வைப்பது போதும்.

விதை வைத்தது வைத்தபடி கல்லாகக் கிடந்தால் விதையே பழுது. நடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர் நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். 85க்குக் கீழே முளைத்தால் அந்த விதையை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, இதை நான் கடையில் கண்டபடி சொல்கிறேன். ஐப்பசியில் சிலர் வந்து, கோழித் தீனிக்கு வைத்திருக்கும் சோளத்தில் பத்துக் கிலோ கேட்பார்கள். எதற்கு என்று கேட்டால் நடுவதற்கு என்பார்கள். கலப்பின விதையின் விலையைப் பார்த்தால் அவர்கள் மேல் கோபம் வராது. ஆனால் கலப்பினச் சோளத்தின் மணியைத் திரும்ப நட்டால் அடுத்த தலைமுறை பிரிந்துபோகும்: ஒரு செடி ஆள் உயரம், பக்கத்துச் செடி இடுப்பளவு, பொத்தி ஒவ்வொன்றும் ஒரு அளவு. வயல் அப்படிப் படிக்கட்டுப் போலத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விதையைத்தான். விதை சேமிக்கத்தான் வேண்டும் என்றால் பத்ரா, ருவன் போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை இனங்களுக்குப் போகலாம். உச்ச விளைச்சல் கலப்பினத்தை எட்டாது, ஆனால் அடுத்த வருடமும் அதே செடிதான் வரும்.

அடையாளம்: மஞ்சள்

"மஞ்சளாய் இருக்கு" என்று மட்டும் சொன்னால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த இலை, இலையில் எந்த இடம்? இந்த இரண்டையும் பார்த்தால் பாதிப் பதில் வந்துவிடும்.

கீழ் இலையில், நுனியில் தொடங்கி நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு அம்புமுனை போல மஞ்சள் உள்ளே இறங்குகிறதா? நைதரசன் பற்றாக்குறை. செடி தன் கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கிறது, அதனால்தான் கீழிருந்து தொடங்குகிறது. நான் பார்த்த படங்களில் பெரும்பாலானவை இதுதான்.

கீழ் இலையில் நடு நரம்பு பச்சையாக இருந்து, ஓரம் மட்டும் நுனியிலிருந்து தீய்ந்துகொண்டு வந்தால் பொற்றாசியம். புது இலையில், அடிப்பக்கத்தில் நடு நரம்புக்கு இருபுறமும் வெளிறிய அகலப் பட்டை என்றால் நாகம் (சிங்க் சத்து) போதவில்லை. இளங்கன்றின் இலையோரம் ஊதாவாக மாறினால் பொசுபரசு. ஆனால் வேர் நனைந்து மூச்சுத் திணறும்போதும் அந்த ஊதா வரும், நிலம் வடிந்ததும் தானாக மறையும். ஊதாவைக் கண்டதும் ஒரு மூட்டை டி.எஸ்.பி. (பொசுபரசுப் பசளை) வாங்க ஓடாமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

நைதரசனில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் காசு கரைவதும் இங்கேதான். ஒரு தொன் சோள மணி மட்டும் ஏறத்தாழ 15 கிலோ நைதரசனை வயலை விட்டுக் கொண்டுபோகிறது. இரண்டு தொன்னுக்கு 30 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் நைதரசன். ஆக மணிக்கு மட்டுமே 65 கிலோ யூரியா. தண்டும் இலையும் எடுப்பது வேறு, காற்றிலும் தண்ணீரிலும் போவது வேறு. இதை வைத்துக்கொண்டு "ஏக்கருக்கு அரை மூட்டை போட்டனான், ஏன் விளையேல்ல" என்ற கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி நவம்பரில் திரும்ப விட்டார்களே, அந்தக் காலபோகத்தில் வயல் வயலாக இந்த அம்புமுனை மஞ்சளைத்தான் மக்கள் பார்த்தார்கள்.

அளவு சரியாக இருந்தும் மஞ்சள் என்றால் நேரம் பிழைத்திருக்கிறது. முழங்கால் உயரத்தைத் தாண்டும்போதுதான் சோளம் நைதரசனை வேகமாக இழுக்கும். நட்டு நாலு, ஐந்து வாரத்தில் மேற்கட்டுப் பசளை போடச் சொல்வது அதனால்தான். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஏழாம் வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் இலை பச்சையாகும், பொத்தி திரும்ப வராது. காய்ந்த மண்ணின் மேல் வீசிவிட்டு வந்தால் ஒரு பகுதி ஆவியாகப் போய்விடும். தண்ணீர் நிற்கும்போது போட்டாலும் போய்விடும். மண் ஈரமாக இருக்கும் நாளில், செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கீறிப் போட்டு மண் மூடுங்கள். குருத்துக்குள் யூரியா விழுந்தால் இலை வெந்துபோகும், அதையும் சிலர் நோய் என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். உங்கள் நிலத்துக்கு எத்தனை கிலோ என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். மண்ணைப் பரிசோதித்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

பசளை சரி, நேரமும் சரி, ஆனாலும் செடி வெளிறி மெலிந்து நிற்கிறதா? குனிந்து காலடியைப் பாருங்கள். முதல் ஆறு வாரத்தில் களை விட்டால், போட்ட யூரியாவைச் சாப்பிடுவது பார்த்தீனியமும் கோரையும்தான்.

அடையாளம்: குருத்தில் ஓட்டை

படைப்புழு. 2016இல் ஆபிரிக்காவில் காணப்பட்டு, 2018இல் இந்தியாவுக்கு வந்து, அதே வருடக் கடைசியில் இலங்கையில் சோளத்தைப் பிடித்தது. சந்தேகம் இருந்தால் புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்துப் போல வெள்ளைக் கோடு இருக்கிறதா, வால்பக்கத்தில் நாலு கரும்புள்ளி சதுரமாக நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அதுவேதான். ஓட்டைகள் இலைக்குக் குறுக்கே ஒரே வரிசையில், ஊசி குத்தியதுபோல இருந்து, நடுக்குருத்து காய்ந்து இழுத்தால் கையோடு வந்தால் தண்டு துளைப்பான்.

இந்தப் புழுவைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. கந்தலாய்க் கிழிந்த இலையைப் பார்த்தால் வயிறு பற்றும். ஆனால் இளஞ்செடியில் இலை கிழிந்த அளவுக்கு மணி குறைவதில்லை; தண்ணீரும் பசளையும் உள்ள செடி அடுத்த இலையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிடும். பொத்திக்குள் புழு இறங்கினால்தான் நேரடி நட்டம். அதனால் இங்கும் எண்ணுங்கள். வயலில் குறுக்கும் மறுக்கும் நடந்து நூறு செடியைப் பாருங்கள். இளஞ்செடிப் பருவத்தில் நூற்றுக்கு 20, வளர்ந்த பிறகு 40 செடியில் புதுச் சேதம் இருந்தால்தான் மருந்து. பொதுவாகச் சொல்லும் வரம்பு அது. பழைய கிழிசலை எண்ணிக் கணக்கைக் கூட்ட வேண்டாம்.

அடிப்பதென்றால் புழு சின்னதாக, இலையைச் சுரண்டிக் கண்ணாடி போல ஆக்கியிருக்கும்போது அடிக்க வேண்டும். பெரிய புழு குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற தன் கழிவால் வாசலை அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஊற்றும் மருந்து அந்தத் தூளை நனைக்கும், அவ்வளவுதான். அத்தான் அடித்த மூன்றில் இரண்டு தரம் அப்படித்தான் போனது. பொழுது சாய்ந்த பிறகு, குருத்துக்குள் விழும்படி அடியுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு பழகிவிடும், வேறு வகைக்கு மாறுங்கள். இரண்டு ஏக்கர், வீட்டில் நாலு பேர் என்றால், காலையில் ஒரு சுற்று நடந்து முட்டைக் குவியலை நசுக்குவது மலிவான வைத்தியம். ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை இருக்கும்.

அடையாளம்: செடி வாட்டசாட்டம், பொத்தி வெறுமை

பொத்தியைப் படிக்கத் தெரிந்தால் போகத்தின் கதை முழுவதும் அதில் இருக்கும். மணிவரிசையின் எண்ணிக்கை பெரும்பாலும் இனத்தைப் பொறுத்தது, அது ஆரம்பத்திலேயே முடிவாகிவிடும். பொத்தியின் நீளம் பிறகு, பூக்கும் முன்னர் முடிவாகிறது. மணி பிடிப்பது பூக்கும்போது. மணி கொழுப்பது கடைசி வாரங்களில். எனவே குறை எங்கே இருக்கிறதோ, அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

பொத்தி முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல் விழுந்தது போல மணி இருந்தால் மகரந்தம் சேரவில்லை. சோளத்தில் உச்சியில் ஆண்பூ, இடுப்பில் பொத்தி. பொத்தியின் ஒவ்வொரு மயிரும் ஒரு மணிக்குச் சொந்தம். அந்த மயிரில் மகரந்தம் விழாவிட்டால் அந்த மணி இல்லை. வறட்சியில் ஆண்பூ தன் பாட்டில் உதிர்ந்து முடிந்துவிடும், மயிர் பிந்தி வரும். மாப்பிள்ளை வீட்டார் வந்து போன பிறகு பெண்ணை அலங்கரித்த கதைதான். பூப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரம், அந்த ஒரு மாதம்தான் சோளம் தண்ணீருக்கு அழும் காலம். கிணறோ குளமோ கைக்கெட்டினால், ஒரே ஒரு தண்ணீர் விடத்தான் வசதி என்றால், அதை இந்த நேரத்துக்கு வைத்திருங்கள். காலை எட்டு மணிக்கே இலை வெங்காயத்தாள் போலச் சுருண்டிருந்தால் செடி கேட்கிறது என்று அர்த்தம். மத்தியானம் சுருண்டு மாலையில் விரிந்தால் பயமில்லை.

மணி பிடித்ததா என்பதை அறுவடைக்கு முன்னரே அறியலாம். மயிர் வந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு பொத்தியை முறித்து, மடலை மட்டும் பக்குவமாக உரித்து மெதுவாகக் குலுக்குங்கள். மணி பிடித்த இடத்து மயிர் உதிர்ந்துவிடும், பிடிக்காத இடத்து மயிர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நுனி மட்டும் இரண்டு விரல் அளவு வெறுமையாக இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். நுனி மயிர் கடைசியாக வருவது, கொஞ்சம் நெருக்கடி என்றாலும் செடி அதைத்தான் முதலில் கைவிடும். பாதிப் பொத்தி வெறுமை என்றால் நைதரசனையும் தண்ணீரையும் திரும்பப் பாருங்கள். மணி எல்லாம் இருந்து, சப்பையாய் ஒட்டிப்போயிருந்தால் கடைசியில் தண்ணீர் கிடைக்காமல் போயிருக்கிறது, அல்லது இலை நோயில் காய்ந்திருக்கிறது, அல்லது அவசரப்பட்டு முறித்திருக்கிறீர்கள். மணியின் அடியை நகத்தால் கிள்ளினால் கறுப்புப் படலம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் நாள் இருக்கிறது.

செடி சாய்ந்து விழுந்து, தண்டின் அடிக்கணுவை விரலால் அமர்த்தினால் உள்ளே நொறுங்கினால் தண்டழுகல். அந்தப் போகத்துக்குச் செய்ய ஒன்றும் இல்லை, முற்றியதை விரைவாக முறித்து எடுங்கள். அடுத்த முறை அதே நிலத்தில் பயறோ கௌபியோ போடுங்கள்.

அடையாளம்: வயலில் நிறைய, தராசில் குறைய

இது என் மேசைக்கு வரும் சண்டை. "ஊரில 1,000 கிலோ நிறுத்தனாங்கள், இங்க 930 எண்டுறியள்" என்று தொலைபேசியில் குரல் உயரும். தராசில் பிழை இருக்கலாம், வியாபாரியில் பிழை இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஈரப்பதன் 20 சதவீதமாக உள்ள 1,000 கிலோவில் தானியம் 800 கிலோ, மிச்சம் தண்ணீர். வாங்குகிறவர்கள் கேட்கும் 14 சதவீதத்துக்குக் காய வைத்தால் அது 930 கிலோதான். 70 கிலோ வெயிலில் போகும் தண்ணீர்.

ஈரம் பார்க்கும் மானி இல்லாவிட்டால் போத்தலும் உப்பும் போதும். உப்பை வெயிலில் நன்றாகக் காயவைத்து, காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் போட்டு, சோளத்தையும் போட்டு மூடிக் குலுக்கிச் சில நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாவிட்டால் மூட்டை கட்டலாம். ஈரத்தோடு கட்டிய மூட்டை லொறியிலேயே சூடேறும்; பூஞ்சை பிடித்தால் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு சேரும், திரிபோஷ போன்ற பிள்ளைகளின் உணவுக்குப் போகும் சோளத்தை முதலில் சோதிப்பது அதற்குத்தான்.

இந்த மாசியில் அத்தானின் சோளம் எங்கள் கடைக்கே வந்தது. ஏக்கருக்கு 1,450 கிலோ, காய்ந்தது. மருந்து ஒரே ஒரு தரம். 22 அடிக்குச் சராசரி 18 செடி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். நான் சந்தோஷப்பட வாயெடுக்க, அவர் முந்திக்கொண்டார்.

"மிச்ச நாலையும் மயில் திண்டிட்டுது தம்பி. அதுக்கு ஏதும் மருந்து இருக்கோ?"